எட்டாம் மாதத்தின் மேல் போட்ட பழி

அன்பு மகன் சுஹைலுக்கு வாப்பா அலி அஸ்கர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ சவூதியில், தம்மாமில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டால் மரியாதையாக இருக்கும். ஆனால் உன் மனைவி தஸ்மியா பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், பிள்ளை இன்னும் அவள் வயிற்றுக்குள்தான் இருக்கிறது, இந்த இரண்டாவது செய்திக்குத்தான் இப்போது இங்கே சுகம் என்று பெயர். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உன் உம்மாவும் தஸ்மியாவின் உம்மா ஜுபைதா பீவியும் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள், மூன்று பேர் பேச்சையும் கேட்டு நீ சரி சரி என்கிறாய், எதற்குச் சரி சொன்னாய் என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, தாளைப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். மதியம் அவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன் படித்துவிடு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ கேட்டதெல்லாம் நடுவிலிருந்துதான். பேட்டையில் நம் வீட்டில் ஏழாம் மாதச் சோறு ஆக்கிப் போட்டோம் அல்லவா, தெருவே வந்திருந்தது, பிரியாணியில் உப்பு கூடியதா குறைந்ததா என்பதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் தஸ்மியாவுக்கு இடுப்பு வலி. விட்டு விட்டு வந்தது. சாப்பிட்டுப் போன அத்தனை பேரில் அது என்ன வலி என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை, சொல்லாமல் இருக்கவும் ஒருவராலும் முடியவில்லை. சம்மந்தியம்மா வந்து தொட்டுப் பார்த்து, “இது சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் குடுங்க, கேட்டுச்சின்னா சூடு, கேக்காம கூடுச்சின்னா பிள்ளை வலி” என்றார். இது ஒரு சோதனை. கஷாயம் குடித்தாள், வலி நின்றது, சூடு என்று தீர்ப்பானது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது, இன்னொரு தம்ளர் கொடுத்து மறு விசாரணை நடந்தது. உன் உம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். இப்படியே பொழுது சாய்ந்து அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், தஸ்மியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு பாதியில் நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மீதியைச் சொல்கிறாள். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு வலி முறை வைத்து வருகிறதென்றால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்று தோன்றியது, பயந்துபோய் ஆட்டோ பிடித்தேன். ஜுபைதா பீவி டிரைவரிடம், “பைய போ லே, குலுங்கப் போவுது” என்றார், நான் சீக்கிரம் போ என்றேன், அந்த மனிதன் டவுண் வரை ஒருவர் பேச்சையும் ஆற்றுப்பாலத்தில் மற்றவர் பேச்சையும் கேட்டான்.

டாக்டர் பெயர் பொன்செல்வி. நம் பக்கத்துப் பெண்தான், பேச்சிலேயே தெரிகிறது. பார்த்துவிட்டு வெளியே வந்து, “இது சூடுமில்ல ஒண்ணுமில்ல, பிள்ளை வலி, கர்ப்பப்பை வாய் லேசாத் திறந்திருக்கு, காலைலயே கூட்டியாந்திருக்கணும்லா” என்றார். வலியை அடக்க மாத்திரை கொடுத்தார்கள், பிள்ளையின் நுரையீரல் பலப்பட தஸ்மியாவுக்கு ஊசி போட்டார்கள். பிள்ளைக்கு மூச்சு விடத் தேவையானது இனிமேல்தான் முழுசாக வளர வேண்டுமாம், உடம்புச் சூட்டை வைத்துக்கொள்ளவும் தானாகப் பால் உறிஞ்சவும் அதற்கு இன்னும் தெரியாதாம். “எத்தன நாளு உள்ளே வச்சுக்கிடுதோமோ அத்தனையும் பிள்ளைக்கு லாபம்” என்றார் டாக்டர். அப்போது ஜுபைதா பீவி கை இரண்டையும் சேர்த்து, “அம்மா, எட்டுக்கு மட்டும் தள்ளிராதீக, ஏழுலயே பொறந்துரட்டும், எட்டு தங்காது” என்றார். டாக்டர் இந்த வாக்கியத்தை முதல் முறை கேட்பவர் போலத் தெரியவில்லை, தினமும் கேட்பவர் போலத்தான் தெரிந்தது.

இதுதான் இப்போது நடக்கும் சண்டை. ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது என்று உன் உம்மா நம்புகிறாள், தெரு நம்புகிறது. நேற்று நீயும், “வாப்பா, ஏழு முடியறதுக்குள்ள எடுத்துரச் சொல்லுங்க” என்றாய். நீ என்ஜினியர். ஒரு கட்டடத்தில் சிமெண்ட் காய இன்னும் ஒரு மாதம் விட்டால் கட்டடம் விழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் நீ கையெழுத்துப் போடுவாயா? டாக்டரிடம் கேட்டேன். ஏழைவிட எட்டு நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது, இதில் மாதத்துக்கு என்று தனி நல்லது கெட்டது ஒன்றுமில்லை என்றார். பிறகு ஏன் இப்படி ஒரு நம்பிக்கை என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன், வேறு வேலை இல்லை. ஏழில் பிறந்து இறந்ததை நம் ஜனங்கள் கரு தங்கவில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள், அபூர்வமாக ஏதாவது ஒன்று பிழைத்தால் அது மட்டும் ஏழு மாதப் பிள்ளை என்று பெயர் வாங்கி, வளர்ந்து, நாற்பது வயதில் கல்யாண வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எட்டில் இறந்தது பிள்ளை உருவமாகவே கையில் வந்ததால் மறக்க முடியாமல் போயிற்று. இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தஸ்மியாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் பேச்சித்தாய் என்று ஒரு பெண், சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலை பார்ப்பவள். அவளுக்கு எட்டாம் மாதம் பிறந்தது. பிள்ளை குறைமாதப் பிள்ளைகளுக்கான அறையில் இருக்கிறது, ஊட்டினால் பால் குடிக்கிறது, அழுகிறது. அதே அறையில் ஏழில் பிறந்த ஒன்று குழாயோடு கிடக்கிறது, அதன் தகப்பனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பேச்சித்தாயின் மாமியாரும் எட்டு ஆகாது என்று அழுதவர்தானாம், “இப்ப அதே கிழவிதான் எம் பேரன் கத்துதத கேளுங்கன்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டுத் திரியுதா” என்றாள். இதைக் காட்டி ஜுபைதா பீவியிடம், எட்டில் பிறந்தது கண் முன்னால் இருக்கிறதே என்றேன். அவர் யோசித்துவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்து, “அவுக மாசம் சித்திரை வைகாசிக் கணக்கு காக்கா, நமக்குப் பிறைக் கணக்கு” என்றார். பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் பஞ்சாங்கம் என்று டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

முந்தாநாள் ஜுபைதா பீவி ஒரு பிளாஸ்க் கொண்டு வந்தார். வலி எடுக்க வைக்கும் கஷாயம், விளக்கெண்ணெய் சேர்த்தது, ஏழு முடியுமுன் பெற்றுவிடட்டும் என்று. நான் உள்ளே போகும்போது தம்ளர் தஸ்மியாவின் கையில் இருந்தது, சம்மந்தியம்மா தம்ளர் காலியாகாமல் நகரப் போவதில்லை என்று நின்றுகொண்டிருந்தார். சத்தம் போட்டால் தஸ்மியா மிரளுவாள். “எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, கொடு தாயி” என்று வாங்கி நானே குடித்தேன், பிளாஸ்கில் இருந்ததையும் குடித்தேன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மற்றபடி அந்தக் கஷாயம் சொன்னதைச் செய்யும் கஷாயம்தான், மறுநாள் வரை நான் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருந்தேன். டாக்டரிடம் சொன்னேன், வெளியிலிருந்து கஷாயம், எண்ணெய் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

சம்மந்தியம்மாவின் மேல் கோபப்படாதே. நேற்று உன் உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, தஸ்மியாவுக்கு முன் அவருக்கு ஒரு ஆண் பிள்ளை எட்டில் பிறந்து ஒரு பகல் இருந்து போயிருக்கிறது. அப்போதும் வலி, அப்போதும் சூடு என்று கஷாயம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நேரம் கடந்துவிட்டது. எட்டாம் மாதம், அதனால்தான் என்று எல்லோரும் அவரைத் தேற்றியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்த ஒரு ஆறுதலில்தான் அவர் தூங்கி எழுந்திருக்கிறார். இன்று நான் போய் மாதத்தின் மேல் குற்றமில்லை என்றால், அந்தக் குற்றத்தை வேறு எங்காவது இறக்கி வைக்க வேண்டும், அதை அவர் வீட்டு அடுப்படியில்தான் இறக்க வேண்டிவரும். அதை நான் எப்படிச் சொல்வேன்?

நேற்று சாயந்திரம் பிறை கண்டுவிட்டார்கள். நம் கணக்கில் எட்டு பிறந்துவிட்டது. தஸ்மியா என்னைப் பார்த்து, “மாமா, பிறை பாத்தாச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “அப்ப இனி இது தங்காதா மாமா?” என்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பெரியவர் பேசுகிறாரே என்பதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள், நம்பிக் கேட்கவில்லை. கடைசியில், “அவுக சொன்னா இருப்பேன்” என்றாள். அவுக என்றது உன்னை. இன்று காலை திரும்பவும் இரண்டு முறை வயிறு இறுகியது. டாக்டர் வந்து பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தை எங்களுக்கும் கேட்க வைத்தார், ஓடுகிற சத்தம்.

இப்போது அவர்களின் ஏற்பாடு இது. டவுணில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டால் இன்றைக்கே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துக் கொடுப்பார்களாம், எட்டு பிறந்தாலும் முதல் நாள் ஏழோடு சேர்ந்ததுதான் என்று யாரோ சலுகை சொல்லியிருக்கிறார். அங்கே குறைமாதப் பிள்ளையை வைத்துப் பார்க்க வசதி இருக்கிறதா என்று கேட்டேன், ஏசி இருக்கிறது என்றார்கள். கூட்டிப் போக உன் வாய் வார்த்தை வேண்டும், அதற்குத்தான் மதியம் கூப்பிடுவார்கள். நான் வேண்டாமென்றால் கிழவனுக்கு என்ன தெரியும் என்பார்கள், நீ வேண்டாமென்றால் நடக்காது. உங்கள் அறையில் பெண்டாட்டி ஊரில் உண்டாயிருக்கும் பையன்கள் இருந்தால் அவர்களிடமும் சொல். வலி விட்டு விட்டு வந்தாலும், நீர் கசிந்தாலும், ரத்தம் பட்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், எந்த மாதமானாலும், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. கஷாயத்தை வைத்துச் சோதனை வேண்டாம்.

அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பானாக. உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தருவானாக, இரண்டாவதை இன்று மதியத்துக்குள் தருவானாக. உன் உம்மா சலாம் சொல்லச் சொல்லவில்லை, இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. உம்மாவையும் மாமியையும் பிறகு கூப்பிடு, முதலில் தஸ்மியாவின் போனுக்குக் கூப்பிடு, அவள் அதைத் தலையணைக்கடியில்தான் வைத்திருக்கிறாள். பயப்படாதே என்று ஆரம்பிக்காதே, இங்கே எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். அங்கேயே இரு என்று சொல்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
மு. அலி அஸ்கர்