நிலைமேல் கட்டிய கூடு

3 பிப்ரவரி 2024
எனக்கு எழுத்துத் தெரியாது. மருமகள் ஷோபனா காட்டிக்கொடுத்தபடி ஃபோனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. சமையலறை நிலைக்கு மேலே குளவி மண் அப்புகிறது. காலையிலிருந்து பார்க்கிறேன். சிலந்தியைக் கொட்டி, சாகாமல் மயக்கி, தூக்கிவந்து உள்ளே திணிக்கிறது. முட்டை வைத்து வாயை அடைக்கிறது. அந்தச் சுவரில் ஒரு சிலந்தி மிச்சமில்லை.

5 பிப்ரவரி
என் பெண்டாட்டி சொர்ணம்மா பார்த்துவிட்டாள். வீட்டில் குளவி கட்டினால் பிள்ளை தங்குமாம். "நீளக் கூடுங்க. ஆம்பளப் புள்ளதான்" என்கிறாள். பெண்டாட்டியா, பைத்தியமா? ஷோபனாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். அந்தமானிலிருந்து மெயின்லாண்டுக்குக் கப்பலேறி இரண்டு தடவை வைத்தியம். போதும் என்று அவளே நிறுத்திவிட்டாள்.

8 பிப்ரவரி
எங்கள் சௌல்தாரி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு பெங்காலிக்காரி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று "குஷ்கபரி ஹை க்யா?" என்கிறாள். நல்ல சேதியாம். ஷோபனா சிரித்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சிலோன் தோட்டத்து லயத்தில் என் அக்கா ஒச்சம்மா அப்படித்தான் சிரிப்பாள். வருடா வருடம் கூட்டைக் காட்டினார்கள். அப்புறம் அதே வாயால் மலடி என்றார்கள். யார் யார் சொன்னது என்று இன்றைக்கும் பெயர் பெயராகச் சொல்வேன்.

9 பிப்ரவரி
கூட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறாள் சொர்ணம்மா. கட்டிய குளவியே சிரிக்கும்.

11 பிப்ரவரி
இடித்துவிட்டேன். சொர்ணம்மா நாலு பெண்களைக் கூட்டிவந்து காட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் உரிக்கிற கம்பியை எடுத்து — ஒரே தட்டு. மண் உடைந்து சிலந்திகள் கொட்டின, கால் மட்டும் ஆடிக்கொண்டு. நடுவே வெள்ளைப் புழு.
"இதான்டி உங்க ஆம்பளப் புள்ள" என்றேன். ஒருத்தியும் நிற்கவில்லை.
ஷோபனா வந்து குனிந்து பார்த்தாள். புழுவை விரலால் தொட்டாள்.
"உனக்காகத்தாம்மா" என்றேன்.
"நான் கேட்டேனா மாமா? தெனம் அதப் பாத்துட்டுத்தான் அடுப்படிக்கே போவேன்."

12 பிப்ரவரி
ஷோபனா என்னிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போகிறாள். அவள் கோபம் யார்மேல்? சொர்ணம்மாமேல்தான். இல்லை. எவன்டா உன்னைக் கேட்டான், கிழவா?

20 பிப்ரவரி
குளவி வந்திருக்கிறது. அதுவோ, வேறொன்றோ. ஷோபனா அறைச் சன்னல் கட்டையில் மண் வைக்கிறது. அவள் சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மகன் நந்தகுமார் கப்பல் ஜெட்டியில் டூட்டி முடிந்து வந்தவன், கொசு என்று சாத்தப் போனான்.
"கைய வச்சே, வெட்டிப்புடுவேன்" என்றேன்.
திருதிருவென்று விழித்தான். கொசு கடித்தால் கடிக்கட்டும்.