நின்ற வேனைத் தள்ளியது எது: காடாம்புலியூர் விபத்தில் மறுஆய்வு கோரும் மனு

அனுப்புநர்
ச. வெண்மதி,
த/பெ. சடையப்பன்,
வட்டம் 30, நெய்வேலி.

பெறுநர்
காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
நெய்வேலி உட்கோட்டம்.

பொருள்: தொடர் மோதலில் என் தந்தை ஒருவர்மீது மட்டும் வழக்குப் பதிந்திருப்பது – வாகனங்களை ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை சடையப்பன் வேன் ஓட்டுநர். சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர்களை ஷிப்டுக்கு ஏற்றி வருபவர். கடந்த 9ஆம் தேதி நண்பகல், இரண்டாம் ஷிப்டுக்கு ஆட்களுடன் பண்ருட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

2. காடாம்புலியூர் அருகே சாலையோரப் பலாப்பழக் கடையைக் கண்டு ஒரு கார் சட்டென நின்றது. சைகை இல்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர் நின்றது. அதன் பின்னால் என் தந்தையின் வேனும் நின்றது. வேனுக்குப் பின்னால் வந்த டிப்பர் லாரி நிற்கவில்லை. அது வேனை மோத, வேன் ஸ்கூட்டரை மோதியது.

3. ஸ்கூட்டரில் வந்த குள்ளஞ்சாவடி அம்சவல்லி அவ்விடத்திலேயே இறந்தார்.

4. அடுத்து நடந்தது என் தந்தையின் தவறு. அதை மறைக்கவில்லை. இங்கே ஷிப்டு வண்டியை யாரும் மறிப்பதில்லை. பின்னால் ஷிப்டு வண்டிகள் வரிசையாக நிற்கவே, டிப்பரைப் பின்வாங்கச் சொல்லி அவரே வழிவிட்டார். தம் வேனில் இருந்தவர்களையும் வேறு வேனில் ஏற்றிவிட்டார். "ஷிப்டு போயிடும், ஏறுங்கப்பா" என்றாராம். தம் சாட்சிகளைத் தாமே அனுப்பிவைத்தார்.

5. காவலர்கள் வந்தபோது டிப்பர் தள்ளி, ஓரமாக நின்றது. உதவிக்கு நிறுத்தியதாக அதன் ஓட்டுநர் கூறியுள்ளார். கார் போய்விட்டிருந்தது. மிஞ்சியது வேனும் ஸ்கூட்டரும். முதல் தகவல் அறிக்கையில் இரண்டு வாகனங்களே உள்ளன.

6. பலாப்பழக் கடை தமயந்தி அவர்களை நேற்றுச் சந்தித்தேன். அவர் சொன்னது அப்படியே: "வேனு நின்னுகினுதாங்க இருந்துச்சி. டிப்பர்காரன்தான் வந்து முட்டுனான். எங்கிட்ட யாரு கேட்டா? பழம் என்னா வெலைன்னுதான் கேக்கறாங்க." வேனில் வந்தவர்களில் மணிமாறன், அன்புக்கரசி இருவரும் வாக்குமூலம் தர முன்வந்துள்ளனர்.

7. பின்னால் வருபவர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. என் தந்தை போதிய இடைவெளி விட்டாரா? எனக்குத் தெரியாது. அதுவும் ஆராயப்படட்டும். அதே விதி டிப்பருக்கும் உண்டு. திடீரென நின்ற காருக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பங்கு பிரிப்பது என் வேலை அல்ல.

8. வேனின் பின்கதவு உள்வாங்கியுள்ளது. முன்னால் இருந்த ஸ்கூட்டரால் அது நேர்ந்திருக்க முடியாது. வேன் உரிமையாளர் வண்டியை விடுவித்துப் பட்டறைக்குக் கொண்டுபோக இருக்கிறார். தட்டி நிமிர்த்திவிட்டால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை.

ஆகவே, வேன் விடுவிக்கப்படும் முன் அதையும் டிப்பரின் முன்பகுதியையும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருசேர ஆய்வு செய்யவும், மேற்கண்ட மூவரையும் விசாரிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். முடிவு என் தந்தைக்கு எதிராக வந்தாலும் அதன் நகலைத் தர வேண்டுகிறேன்.

இம்மனுவில் என் தந்தையின் கையொப்பம் இல்லை. அம்சவல்லியின் கணவர் ராஜாங்கத்திடம் துக்கம் கேட்கப் போனவர், "நாந்தான் இடிச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டிலும் அதையே சொல்கிறார். பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

எனவே நான் மட்டும் கையொப்பமிடுகிறேன்.

இடம்: நெய்வேலி
நாள்: 16.06.2025

உண்மையுள்ள,
ச. வெண்மதி