பதினேழாவது காது

மாப்பிளே,

உன்னுடைய பிஸ்கட் டப்பாவை நேற்றுத் திறந்தேன். மூடி கழன்றதும் வெடிமருந்து நெடி மூக்கில் ஏறி, கொஞ்ச நேரத்தில் தலை விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. செத்த பிறகும் எனக்குத் தலைவலி கொடுக்காமல் விடமாட்டாய் போலிருக்கிறது.

டப்பாவைக் கொடுத்தது உன் பெண்சாதிதான். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஏனுங்ணா, இது பரணு மேல இருந்துச்சுங்க. உள்ள ஒரு காயிதத்துல உங்க பட்டப்பேரு எழுதியிருக்குது. உங்களுதுங்களா?" என்றாள். ஒரு சாண் பிரித்துப் பார்த்தேன். என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும், இந்த வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? "இது பூமாதேவியோட ஜாதகம், அம்மிணி. உன்ற ஊட்டுக்காரன் அவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்திருக்கறான்" என்றேன். நீ போன பிறகு அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் டப்பாவையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், திருடன் மாதிரி.

காகிதத்தைக் கறுப்புக் குடைத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாய். சீவிவிட்ட தலைமுடி மாதிரி இருபத்து நாலு கோடுகள். பதினேழாவது கோட்டில் ஒரு பெரிய மேடு, அதை ஒட்டி ஒரு குட்டி மேடு. இரண்டையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் உன் கொழுக்கட்டை எழுத்து: 'கோணங்கி. இடது கால்.'

நான் படித்தது மூன்றாம் கிளாஸ். நீ ஐந்து. நீ இருந்தால் இந்தக் கடிதத்தில் வரிக்கு வரி பிழை பிடிப்பாய். இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில், அறுவடை முடிந்த வயல்களில் அவர்கள் வந்து கூடாரம் அடித்தார்கள். பூமிக்கடியில் எண்ணெய் தேடப் போகும் இளம் ஆபீசர்களுக்கு இரண்டு மாசப் பயிற்சி. இங்கே எண்ணெய் கிடையாது என்று அவர்களுக்கும் தெரியும். "எண்ணெய் வேணும்னா செக்குக்குப் போகச் சொல்லுங்கப்பா" என்று நான் சொல்ல, கூலிக்கு வந்து நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மண்ணுக்குக் கீழே பாறை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பழகத்தான் அவர்கள் வந்தது. குழிக்குள் வெடி வைப்பார்கள். அந்த அதிர்வு உள்ளே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்பதற்கு இருபத்து நாலு ஜியோபோன்களை வரிசையாக மண்ணில் ஊன்ற வேண்டும். மேலே உருண்டை, கீழே இரும்பு முள். அந்தப் பேர் நம் வாயில் நுழையவில்லை. 'காது' என்று பேர் வைத்தது நீ. ஒவ்வொரு காது கேட்பதும் ரெக்கார்டிங் வண்டிக்குள் காகிதத்தில் ஒரு கோடாக விழும்.

ஆபீசர்கள் பலகையைப் பார்த்துப் படித்தார்கள். நீ மண்ணைப் பார்த்துப் படித்தாய். வரப்பில் ஊன்றினால் உள்ளே நண்டு வளை இருக்கும், காது ஆடும் என்று கண்டுபிடித்தது நீ. வெறும் நெல்தாள் காற்றில் அசைந்தால்கூடக் காகிதத்தில் தெரிகிறது என்று, முள் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாணுக்குத் தாளைப் பிடுங்கிவிட்டு ஊன்றியதும் நீதான். பயிற்சி கொடுத்த பெரிய சார் மறுநாள் அதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி ஆபீசர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் உன் விலாவில் குத்தினேன். "உடுடா. மண்ணு சொன்னத ஆரு சொன்னா என்ன" என்றாய். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு எப்போதும் எரிச்சல்.

விசில் ஊதினால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். "எறும்புகூட நகரக் கூடாது" என்பார் சார். என்னால் நிற்க முடியுமா? பழகுகிற நாட்களில், வெடி விழுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு காதுக்குப் பக்கத்தில் இடது காலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவேன். ரெக்கார்டிங் வண்டியிலிருந்து காகிதம் வந்ததும் நீ எட்டிப் பார்ப்பாய். "பதினொண்ணுகிட்ட நின்னது கோணங்கிதான?" என் இடது கால் பெருவிரல் ஏர்க்கொழு பட்டு மடங்கியது. முதலில் குதிகால் விழும், பிறகுதான் மீதிக் கால். "உன்ற காலு தாயாடும் குட்டியுமா நடக்குதுடா" என்பாய். நூறு காலுக்கு நடுவில் விட்டாலும் என் காலை நீ கண்டுபிடிப்பாய். ஒரு நாளும் தப்பியதில்லை.

பயிற்சி முடியப்போகிற வாரம் சார் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கூலியாட்களில் ஒரே ஒருவனை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டு போவார்களாம். ஆளுக்கு ஒரு தடவை இருபத்து நாலு காதையும் தனியாக ஊன்ற வேண்டும். எவன் காகிதம் சுத்தமோ அவனுக்கு வேலை. அது உனக்குத்தான் என்று எனக்கும் தெரியும், அக்கரையில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். உனக்குப் பெண் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "கெடச்சா மொதல்ல ஊட்டுக்கு ஓடு போடோணும்" என்றாய். அதற்குமேல் ஆசைப்படக்கூட உனக்குத் தெரியாது.

முதலில் நீ ஊன்றினாய். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, தாளைப் பிடுங்கி, முள்ளை நேராக நிறுத்தி, குதிகாலால் அழுத்தி, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தாய். கேபிளைப் பிடித்துக்கொள்ள என்னைப் பதினேழாவது காதுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். விசில் ஊதியது. வயலில் கொக்குகூட அசையவில்லை.

நான் தட்டினேன்.

விளையாட்டுக்குத்தான் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதத்தைப் பார்த்ததும் நீ 'கோணங்கி' என்று கத்துவாய், சார் சிரித்துக்கொண்டே இன்னொரு வெடி வைக்கச் சொல்வார் என்று நினைத்தேனாம். பொய், மாப்பிளே. மற்ற நாட்களில் தட்டும்போது சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து முட்டும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சார் காகிதத்தை நீட்டிப் பிடித்தார். "பதினேழு சரியா ஊனலை. ஆடியிருக்கு." நீ காகிதத்தைப் பார்த்தாய். பிறகு என் காலைப் பார்த்தாய். நான் மலையைப் பார்த்தேன். 'அது கால் சார்' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இந்தக் காயிதம் இனி வேண்டாமுங்களா சார்? நா எடுத்துக்கட்டுங்களா?" என்றுதான் கேட்டாய். "எடுத்துக்கோ. வெளிச்சத்துல வெக்காதே, கறுத்துப் போயிடும்" என்றார்.

அடுத்து என் முறை. இப்போது கேபிளைப் பிடித்துக்கொண்டு பதினேழுக்குப் பக்கத்தில் நீ நின்றாய். விசில் ஊதியதிலிருந்து நான் உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மூச்சுகூட விட்ட மாதிரி தெரியவில்லை. வெடி விழும் வரைக்கும் என் கோடுகள் இருபத்து நாலும் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடின.

வேலை எனக்கு வந்தது. எண்ணெய் தேடும் குழுவுக்குப் பார்ட்டி என்று பேர்; அதோடு ஊர் ஊராகப் போனேன். என் வீட்டுக்கு ஓடு வந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்கு நான் வைத்த பேர் 'பதினேழு'. "பதினேழு வந்துட்டான், ஒரு டீ போடுங்க!" என்று கத்துவேன். கடையே சிரிக்கும். வீட்டுப் பரணில் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதற்குத்தான் உன்மேல் எனக்கு ஆத்திரம். செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம். நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். பொறுத்துப் பொறுத்து என்னை இப்படி நிற்க வைத்துவிட்டாய்.

நீ கிணற்றுவெடி வேலைக்குப் போனாய். பாறையைத் தட்டிப் பார்த்தே குழி எங்கே போட வேண்டும் என்று சொல்வாயாம். இந்த ஆடியில் ஒரு கிணற்றில், வெடித்து முடிந்து நீ உள்ளே இறங்கிய பிறகு, பக்கப் பாறை சரிந்தது. எனக்குத் தந்தி வந்து நான் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இன்று காலை டப்பாவோடு உன் வீட்டுக்குப் போனேன். இன்னும் ஓலைக்கூரைதான். வாசலில், வெயிலில், காகிதத்தை முழுசாக விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். உன் பெண்சாதியை உட்காரச் சொல்லி, கோட்டைக் காட்டி, என் காலையும் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் காகிதம் பழுத்து, தவிட்டு நிறமாகி, கறுத்துக்கொண்டே வந்தது. அவள் பதினேழாவது கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத அன்னைக்கே அந்தச் சாருகிட்டக் காட்டியிருந்தா?"

"வேலை அவனுக்குத்தான், அம்மிணி."

"அப்பறம் அவரு ஏனுங்க காட்டல?"

நான் காட்டிய காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் கல்லை எடுத்துவிட்டு, கறுத்த காகிதத்தைச் சுருட்டி, டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்குங்க. இனி இந்த ஊட்டுப் பக்கம் சிரிச்சுட்டு வராதீங்க." அண்ணா என்று அவள் சேர்க்கவில்லை.

நாளைக்கு லீவு முடிகிறது. இனி யார் பிரித்துப் பார்த்தாலும் அந்தக் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. அந்த வயலில் நடந்ததற்கு இனி சாட்சி நான் மட்டும்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த வயலுக்குப் பிறகு, விசில் ஊதினால் என்னைப் போல அசையாமல் நிற்கிறவன் எங்கள் பார்ட்டியில் எவனும் கிடையாது. போன மாசம் புதிதாகப் பயிற்சிக்கு வந்த ஆபீசர் ஒருவர் ஆச்சரியப்பட்டு, "இப்படி நிக்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நகர்ந்தேன். என் முறை வந்தபோது, பதினேழாவது காதுக்குப் பக்கத்தில் நீ நின்றாயே, அதைப் பார்த்துத்தான் கற்றேன்.