விடுபட்ட வரி

நேற்றுக் கோயில் உபயகாரருக்கு அனுப்பும் கடித உறைகளில் ஒட்டுவதற்காக, மகளின் பிரிண்டரில் இருந்து முகவரிச் சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒன்று வெறுமையாக வந்தது. மை முடிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, மைப்பெட்டியைக் கழற்றி, பழைய பேனையை உதறுவதுபோல் உதறினேன். கட்டியிருந்த சாரமெல்லாம் கறுப்பு. நண்பரே, நீர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பீர்.

“அப்பா, மை இருக்கு. பேர், வீட்டு இலக்கம், ஊர் எண்டு அட்டவணையிலை மூண்டு நிரல். எஸ்.கியூ.எல். எண்ட கணினி மொழியிலை மூண்டையும் ஒட்டி ஒரு வரியாக்கிறன். இந்தாளுக்கு வீட்டு இலக்கம் இல்லை. ஒரு பெட்டி வெறுமையெண்டால் முழு வரியும் வெறுமையாப் போயிடும்.”

“பேர் இருக்கு, ஊர் இருக்கு. பிறகேன் பிள்ளை ஆள் இல்லாமல் போறார்?”

“அதின்ரை குணம் அப்பிடி. வெறுமையை விட்டிட்டு மிச்சத்தை ஒட்டு எண்டு நாங்கள்தான் சொல்லிக் குடுக்கோணும்.”

சாதாரண தரப் பரீட்சையை இரண்டாந்தரம் எழுதிச் சித்தியடைந்த என் மூளைக்கும் இது உடனே விளங்கியது. அந்தக் குணம் எனக்கும் இருந்தது. உமக்குத்தான் தெரியாது.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம். சண்டையில் இடம்பெயர்ந்த சனத்துக்கு அரிசி கொடுக்கப் பட்டியல் எழுத ஆள் கேட்டார்கள். நாங்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான்; அடுத்த வகுப்பறையில் எங்கள் பாய்கள். பதிவுப் புத்தகத்தில் பெயர், கணவர் அல்லது தகப்பன் பெயர், ஊர், ஆட்தொகை என்று நிரல்கள். நீர் நான்கையும் ஒரே மூச்சில் வாசிப்பீர். நான் அரிசிப் பட்டியலில் ஒரே வரியாக எழுதுவேன்.

“ஐசே, எழுத்தோ உது? கோழி நடந்த மாதிரிக் கிடக்கு.”

“நீர் வாசிக்கிற வேகத்துக்குக் கோழி ஓடத்தான் வேணும்.”

அளவெட்டியிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு பெண், கணவர் பெட்டியை வெறுமையாக விட்டிருந்தார். வழியில் காணாமற்போன மனிதரை இருக்கிறார் என்று பதிவதா, இல்லை என்று பதிவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நீர் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, “உது கிடக்கட்டும், மிச்சத்தை எழுதும்,” என்றீர். அரைகுறை வரிக்குப் பொறுப்பாளர் ஏசுவார் என்று பயந்து நான் அந்த வரியையே எழுதவில்லை. பிறகு விசாரித்து எழுதலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன்.

அரிசி கொடுத்த அன்று அவர் பெயர் பட்டியலில் இல்லை. அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். வெறும் உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

“ஆர் விட்டது?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் நீர் சொன்னீர்: “நான் வாசிக்கேக்கை தாண்டியிருப்பன், ஐயா.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர் என்று முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே அப்படி நம்பியிருக்கிறீர். அன்று பின்னேரம் உமது அரிசியில் பாதியை அவரிடம் கொண்டுபோனீர். நானும் வந்தேன், பையின் மற்றக் காதைப் பிடித்துக்கொண்டு. அவர் எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார்.

பிறகு எத்தனை வருடம், எத்தனை தேத்தண்ணீர்க் கடை. கதை எங்கே தொடங்கினாலும் உமக்கு அந்த வரியில் வந்து நிற்கும். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டீர்: “மூண்டு பிள்ளையளோடை நிண்ட மனிசியை நான் எப்பிடி ஐசே தாண்டினனான்?”

“உந்தக் கதையை விடும்,” என்று சொல்லி உமது தலையணையைச் சரிசெய்தேன்.

மகள் திருத்திய சீட்டு, பெயரும் ஊருமாக இப்போது என் கையில் இருக்கிறது. நீர் தாண்டவில்லை. வாசித்தீர். எனக்குக் கேட்டது.