ருய்ஷியாங் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மின்யாவின் அப்பாவுக்கு வணக்கம்.

இருமல் நின்றதா? நான் சுகம்தான். ஷென்செனில் வேலை பார்க்கும் வீட்டில் நேற்று ஒரே கூத்து. புத்தாண்டுக்கு வாங்கிவைத்த ருய்ஷியாங் பூச்செடி பூத்த வாசத்தில், அடுப்பில் கஞ்சி கருகியதே எனக்குத் தெரியவில்லை. "ஏம்மா, மூக்க எங்கயாவது அடகு வச்சிட்டியா?" என்று வீட்டம்மா சிரித்தார்.

நம் வீட்டு ருய்ஷியாங் செடியின் இலை பழுத்துக் கொட்டுகிறதென்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களாமே! ஐயோ, வேண்டாம். அதன் வேர் அழுகிவிடும். உங்கள் காலில் விழுகிறேன், தொட்டி காயட்டும். நம் மகள் மின்யா சாவதற்கு முன் தன் கையால் நட்டது. அவள் தொட்டதில் உயிரோடிருப்பது வேறொன்றுமில்லை.

தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, உடனே எழுதுங்கள். வீட்டம்மா கூப்பிடுகிறார். பழுப்பாக இருந்தால், பூத்துவிட்டது என்றே எழுதுங்கள்.

ஷுலியன்