மெஷினைத் தயார் செய்த மழைக்காலம்

திலக் நகர், செம்பூர், பம்பாய்
10-6-1969

அன்புள்ள அம்மாவுக்கு,

நாகலக்ஷ்மியின் நமஸ்காரம். இங்கே க்ஷேமம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மச்சினரும் மன்னியும் சௌக்கியமா?

எங்கள் கப்பல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்னையும், கணக்குப் பிரிவிலிருந்து ஜம்புநாதன் என்பவரையும் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளை தவறிப்போன அடுத்த வருஷமே என்னைப் படிப்பை முடிக்க வைத்து, இந்த வேலைக்கு ரயிலேற்றி விட்டது நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னேன். "மாமியாரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஒரு நிபுணர் புரோகிராம் கொண்டு வருகிறார். எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு, யாருக்கு வந்தது என்பதையெல்லாம் அது ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, கேட்டவுடன் சொல்லுமாம். அதற்கு முன்னால் நாங்கள் மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதை ஏற்றித் தயாராக வைக்க வேண்டும். டிஸ்க் எத்தனை, டேப் எத்தனை, பிரிண்டர் எங்கே என்று அட்டைக் கார்டுகளில் துளை போட்டு அதற்குச் சொல்ல வேண்டும். தயாராகவில்லை என்றால் மெஷின் கல்கத்தா கிளைக்குப் போய்விடும். நான் பழையபடி டைப்ரைட்டருக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள்
நாகலக்ஷ்மி


கோயமுத்தூர்
18-6-1969

சிரஞ்சீவி நாகலக்ஷ்மிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம்.

முழங்கால் அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சமையற்காரன் வருவதற்கு முன்னால் அடுப்பை மெழுகி, பாத்திரம் எங்கே, தண்ணீர் எங்கே என்று ஒழுங்கு பண்ணி வைக்கிறீர்கள், அவ்வளவுதானே? மூத்தவன், "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்றான். "உனக்குப் புரிஞ்சுதோ?" என்று கேட்டேன். பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டான்.

மெஷினுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுகிறாய். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி இல்லை.

அம்மா


திலக் நகர்
7-7-1969

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். முதல் முயற்சி பாழாகிவிட்டது. பம்பாய் மழைக் காற்றில் கார்டுகள் ஈரம் குடித்து உப்பிவிட்டன. மெஷின் கார்டுக் கட்டில் பாதியைக்கூடப் படிக்கவில்லை, சிக்கிக்கொண்டு நின்றது. ஜம்புநாதன் ஒரு கார்டை வளைத்துப் பார்த்து, "அப்பளம் நமுத்துப் போச்சு, நாகலக்ஷ்மி. இனி பொரியாது" என்றார். நான் சிரித்துவிட்டேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது புதுக் கார்டுகளை ஏஸி அறைக்குள்ளேயே வைத்து எல்லாவற்றையும் மறுபடி துளை போடுகிறோம். ஒரு டிஸ்கில் அங்கங்கே கெட்ட இடங்கள் வேறு இருக்கின்றன. அங்கே எதையும் எழுதாதே என்று மெஷினுக்கு முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரயில் வடாலாவில் நின்றுவிட்டது. ஜம்புநாதனுக்கு வீடு மாட்டுங்காவில். வழக்கமாக வேறு ரயிலில் போகிறவர், அன்று எங்கள் ரயிலில் இருந்தார். முழங்கால் தண்ணீரில் நடந்து மாட்டுங்காவில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போனோம். அவள் மிளகு ரசம் வைத்து, தன் புடவை கொடுத்து, இரவு தன்னோடு தங்க வைத்தாள். சாப்பாட்டைப் பற்றி எழுதிவிட்டேன்.

உங்கள்
நாகலக்ஷ்மி


கோயமுத்தூர்
14-7-1969

சிரஞ்சீவி நாகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

ரசம் வைத்துக் கொடுத்த பெண் நன்றாக இருக்கட்டும். மற்றதெல்லாம் புரிந்தது. மாட்டுங்காக்காரர் செம்பூர் ரயிலில் ஏன் ஏறினார் என்பது மட்டும் புரியவில்லை. நீ கேட்டாயோ?

அம்மா


திலக் நகர்
9-8-1969

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். பதில் எழுத இத்தனை நாளானதற்கு வேலை மட்டும் காரணமில்லை.

மெஷின் தயாராகிவிட்டது. இந்தத் தடவை கார்டுகள் மளமளவென்று ஓடின. சிஸ்டம் ஏறி, டிஸ்க், டேப், பிரிண்டர் எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொண்டு, தயார் என்று ஒரு வரி அடித்தது. லண்டன்காரர் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். "இதில் நான் தொட வேண்டியது எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தன் டேப்பை மாட்டினார். மேனேஜர் கொச்சியிலிருந்து வந்த கயிற்றுக் கட்டுகளைப் பற்றிக் கேட்டார். பிரிண்டர் தடதடவென்று பதிலை அடித்தது. அந்தத் தாளை அவர் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல மாடி மாடியாக எடுத்துப் போய்க் காட்டினார்.

அன்று மாலை ஜம்பு என்னோடு ஸ்டேஷன் வரை வந்தார்.

"மெஷின் வேலை முடிஞ்சுடுத்து. இனிமே தினம் உங்களைப் பார்க்க வேற காரணம் வேணும். நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

"அம்மாவைக் கேட்கணும்" என்றேன்.

"உங்க அம்மாவையா?"

"என் மாமியாரை."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அட்ரஸ் கொடுங்கோ. நானே எழுதிக் கேட்கறேன்" என்றார். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் இதற்குப் பிறகு உங்களை அம்மா என்று எழுத முடியாமல் போகுமானால், இந்த வேலையோடும் திலக் நகரோடும் இருந்துவிடுகிறேன். நிஜமாகவே சொல்கிறேன்.

நாகலக்ஷ்மி


கோயமுத்தூர்
20-8-1969

என் கண்ணே நாகு,

உன் கடிதம் வந்ததும் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளையை நினைத்து அழுதேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து மூத்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஊர்ல என்ன சொல்லுவா? யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்று குதித்தான். "பொண்ணைக் கட்டிக் கொடுக்கறதுக்கு அம்மா சம்மதம் போறாதோடா?" என்று கேட்டேன். உன் மன்னி உள்ளேயிருந்து சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டாள். நேற்று எனக்கு ரயில் டிக்கெட் எடுத்து வந்தது மூத்தவன்தான்.

ஆவணி முடிவதற்குள் நாள் பார்க்கச் சொல். நான் முன்னாலேயே வருகிறேன். தாதரில் இறங்குவேன். ஜம்புவும் வரட்டும், நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

போன தடவை, உன் முதல் கல்யாணத்தில், நான் பிள்ளை வீட்டுக்காரி. காப்பி ஆறிப்போச்சு என்று உன் அப்பாவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை நான் பெண் வீட்டுக்காரி. அந்த ரசக்காரத் தங்கை என்னை எது வேண்டுமானாலும் கேட்கட்டும். காப்பியை நானே என் கையால் சூடாகக் கலந்து கொடுக்கிறேன்.

உன்
அம்மா