விசிறிச் சத்தத்தில் தொலைந்த கேள்விக்குறி

திருத்தணி
18-6-2007

சிரஞ்சீவி கிரிதருக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

நீயும் ப்ரியாவும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அப்பாவுக்குக் கழுத்துப் புண் ஆறி வருகிறது, கஞ்சி இறங்குகிறது, என் முழங்கால் வலி பழையபடி. இதை நலம் என்று வைத்துக்கொள். நேற்று போனில், கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்று நான் சொன்னதும் நீ ஒன்று கேட்டாய். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு அப்பா என்னம்மா சொன்னார், விசிறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே என்று. நான் பதில் சொல்லாமல் அங்கே மழையா என்று பேச்சை மாற்றினேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அப்பா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவருக்குப் போனது குரல்தான், காது முன்னைவிடக் கூர்மையாக இருக்கிறது. அதனால்தான் இந்தத் தபால்.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. தொண்டைக் கட்டியால் அப்பாவின் பேச்சு வெறும் காற்றாகிவிட்ட நாளிலிருந்து போனில் அவர் மூச்சுதான் கேட்கிறது என்று நீ சொன்னாய். கம்ப்யூட்டரில் என்றால் முகம் தெரியும், உதட்டையும் பார்த்து ஒருவாறு புரிந்துகொள்வாய். ஆனால் சித்திரை பிறந்ததும் அதன் விசிறி இரைய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டும்போது, குழந்தை வருகிற பெட்டி என்று அதற்கும் நின்று நிதானமாகப் புகை காட்டுவாரே, அந்தப் பிசுக்கும் தூசியும் உள்ளே போய் அடைத்திருக்கிறது. நீ ஒரு ஞாயிறு, அப்பா, உங்க குரலைவிட ஃபேன் சத்தம்தான் பெரிசா இருக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அவரும் சிரித்தார். டாக்டர் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று தேதி குறித்திருந்தது உனக்கும் தெரியும். அந்தத் தேதிக்கு முன்னால் உன்னிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுப் பேசிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. கடைசிச் சனிக்கிழமை நான் மருத்துவமனைக்கு வேண்டிய துணிமணி வாங்க மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் பெட்டி துடைத்துச் சுத்தமாக இருந்தது, அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். தூசி தட்டினேன் என்றார். நானும் நல்லதாயிற்று என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நீ வரும் நேரத்துக்குப் போட்டால், போட்ட மாத்திரத்தில் மாவு மெஷின் மாதிரி அலறியது. அதற்கு முன்னால் ஏறி இறங்கி இரையும், அன்றைக்கு இறங்கவே இல்லை. அணைத்துப் போட்டோம், தலையணையை முட்டுக் கொடுத்தோம், பெட்டியைத் தள்ளி வைக்கலாம் என்றால் ஒயர் எட்டவில்லை. ரிப்பேர் பார்க்கிற கோதண்டபாணியின் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. திங்கள் விடிந்தால் சென்னை ரயில். அப்பா அந்த இரைச்சலுக்கு நடுவில் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசினார்.

போன வாரம்தான் கோதண்டபாணி வர முடிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் வைத்திருந்தவர், இப்போது கம்ப்யூட்டரும் பார்க்கிறார். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். விசிறியையும் அதன் கீழே இருக்கிற உலோகக் கட்டியையும் கழற்றித் திருப்பிப் பார்த்தவர், இன்னா டீச்சரம்மா, இத யாரு தேச்சது, கோயில் சொம்பு கணக்கா மின்னிக்கினு கீது என்றார். அந்தக் கட்டியின் அடியில் வட்டமாகத் தாமிரம் இருக்கிறது. ஓரத்தில் புளிச் சக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது கிரி, அப்புறம் அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. முப்பது வருஷம் மலைமேல் கோயில் மடைப்பள்ளியில் நின்றவர். தாமிரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தால் அவர் கை சும்மா இருக்குமா? அழுக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, பளபளவென்று திரும்ப மாட்டியிருக்கிறார். அது அழுக்கு இல்லையாம், சூட்டைக் கடத்துவதற்கு என்றே தடவிவைக்கிற பசையாம். கோதண்டபாணி சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கண்ணாடிமேல் காகிதத்தை வெறுமனே வைத்தால் ஒட்டாது, இடையில் காற்று நிற்கும். கொஞ்சம் ஈரம் தடவினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். பசை அந்த ஈரத்தின் வேலையைச் செய்கிறது. அது இல்லாவிட்டால், அடியில் இருந்து கணக்குப் போடுகிற சில்லின் சூடு கட்டிக்கு ஏறாமல் அங்கேயே தங்கிவிடும். உள்ளே காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒன்று இருந்து, சூடு குறையவில்லை, இன்னும் சுற்று, இன்னும் சுற்று என்று விசிறியை விரட்டிக்கொண்டே இருக்கும். விசிறிக்கு ஒரு வியாதியும் இல்லை. நாம்தான் சத்தத்தைக் கேட்டு விசிறியைத் திட்டுகிறோம். தூசியை ஊதி, ஒரு துளி புதுப் பசை வைத்து மாட்டினார், அவ்வளவுதான். ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் பேசும்போதே அப்பா எழுந்து வந்து கதவருகில் நின்றார். நான் கோதண்டபாணிக்குக் கண்ணைக் காட்டினேன். நல்ல மனுஷன், புரிந்துகொண்டார். காத்தாடி கெட்டுப்போச்சு சாமி, வேற போட்டுட்டேன், நீங்க க்ளீன் பண்ணி வச்சதாலதான் மத்ததெல்லாம் பொழச்சிக்கினு கீது என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிரி, ஆடிக் கிருத்திகைக்கு ஆத்துக்கு வந்துடுவியோன்னோ என்று கேட்டார். நீ ஆங் என்றாய். அவர் திரும்பவும் கேட்டார், நீ திரும்பவும் ஆங் என்றாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் அது சம்மதமாகத்தான் கேட்டது. நம் வீட்டில் யாரும் ஆங் சொல்வதில்லை. நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகிப் பிடித்துக்கொண்டு வந்த சொல், சின்ன வயதில் அதற்காக அப்பாவிடம் எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறாய். அன்றைக்கு அந்தச் சொல்லே அவருக்கு இனித்தது. நேற்று நீ, நான் ஆங்? ஆங்?ன்னு ரெண்டு தரம் கேட்டேம்மா, அப்பா சிரிச்சார், அதனால விட்டுட்டேன் என்று சொன்னபோதுதான் அது சம்மதம் இல்லை, கேள்வி என்று எனக்கு விளங்கியது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கேள்விக்குறி கண்டால் வாக்கியத்தின் வாலைத் தூக்கி வாசியுங்கள், இல்லாவிட்டால் கேட்பவருக்குக் கேள்வி என்றே தெரியாது என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தேன். நீ வாலைத் தூக்கித்தான் கேட்டிருக்கிறாய். அந்தத் தூக்கலை விசிறி கொண்டுபோய்விட்டது.

ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அப்பா நர்ஸ் பெண்ணின் கையைப் பிடித்து, பையன் ஆடிக்கு வரான் என்றார். அதற்குப் பிறகு அவர் குரலில் ஒன்றும் இல்லை.

இப்போது ஊரெல்லாம் தெரியும். பூக்கார எல்லம்மாள் நேற்று வாசலில் நின்று, தம்பி வர்றாராமே டீச்சர், சாமி கையாலயே ஏரோப்ளேன் வுட்டுக் காட்னாரு, அப்படியே தலைக்கு மேல எறங்கிச்சு என்று சிரிக்கிறாள். அப்பா மாடி அறையைப் பெருக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். உன் குடியுரிமைக் காகிதம் கையெழுத்தாகும்வரை அந்த நாட்டைவிட்டு நகர முடியாது என்று நீ சொன்னது எனக்குத் தெரியும், இந்த ஆடிக்கு ஆகாது என்பதும் தெரியும். அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இருக்கிற வாயும் ஒன்றுக்கும் உதவவில்லை பார்.

ஆகையால் அடுத்த ஞாயிறோ அதற்கடுத்ததோ, இந்தத் தபால் கிடைத்ததும், நீயே அவரிடம் சொல்லிவிடு. வரமுடியாமல் போனதற்குக் காரணம் சொல். காகிதத்தைச் சொல், அதிகாரியைச் சொல், மனசு நிறைய வரத்தான் நினைத்திருந்தேன் என்று சொல், அது பொய்யும் இல்லை. அவர் வருத்தப்படுவார், இரண்டு நாள் கஞ்சி குடிக்கமாட்டார், அப்புறம் தேறிவிடுவார். ஆனால் அன்றைக்குக் கேட்கவில்லை என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதே. அது தெரிந்தால், எதனால் கேட்கவில்லை என்று நினைக்க ஆரம்பிப்பார். தன் கையால் தேய்த்த தாமிரம் ஒருநாள் நினைவுக்கு வரும். நீ வராததை அவர் தாங்கிக்கொள்வார் கிரி, அதைத் தாங்கமாட்டார்.

ப்ரியாவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, பார்த்து வண்டி ஓட்டு. இந்தக் கடிதத்தைப் படித்தபின் கிழித்துவிடு, போனில் இதைப்பற்றி வாயைத் திறக்காதே. மலைமேல் இருக்கிறவன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டான். இன்னொன்றும் மறக்காதே. அப்பா இப்போது ஆமாம் என்றால் மேசையை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு தட்டுகிறார். நீ சொல்லி முடித்ததும் அவசரப்பட்டு அடுத்த பேச்சுக்குப் போகாமல் கொஞ்சம் பொறுத்திரு. விரலில் வலு இல்லை, மெதுவாகத்தான் தட்டுவார். இப்போது உனக்குக் கேட்கும்.

உன் அன்புள்ள அம்மா,
லலிதாம்பாள் ஸ்ரீகண்டன்